சுங்கை டுவா வாடகை வீட்டில் என் முதல் லசான்யா

மாணவப் பருவத்தில் வீட்டிலேயே முதன்முறையாக லசான்யா (மாவுத் தாள்களையும் குழம்பையும் அடுக்கிச் சுடும் இத்தாலிய உணவு) செய்தவர்கள் எங்கே தவறினீர்கள், எப்படித் திருத்திக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தவறியது குழம்பின் பக்குவத்தில்தான். நம் வீட்டுச் சமையல் ஓரளவு கைவந்திருந்ததே அந்தத் தவற்றுக்குக் காரணம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, பினாங்கு சுங்கை டுவாவில் ஓர் அடுக்குமாடி வீட்டை நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற 30 லிட்டர் மேசை ஓவன் ஒன்று அங்கே இருந்தது. ரொட்டி வாட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை நாங்கள் கொடுத்ததில்லை. தேர்வு முடிந்த வாரத்தில், பேரங்காடியில் தள்ளுபடி விலையில் கிடந்த லசான்யா தாள் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. 'முன்கூட்டியே வேகவைக்கத் தேவையில்லை' என்று அதில் அச்சிட்டிருந்ததைப் படித்து, ஒரு வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேனே தவிர, அந்த வரிக்குள் இருந்த நிபந்தனை எனக்குப் புரியவில்லை.

இத்தாலியில் பொலோனியா நகரத்து வழக்கப்படி, கோதுமை மாவுத் தாள்கள், ராகு எனப்படும் கொத்துக்கறிக் குழம்பு, பெஷமெல் எனப்படும் வெள்ளைச் சாஸ், பார்மிஜானோ சீஸ் ஆகியவற்றை மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவதே லசான்யா. நேப்பிள்ஸ் பக்கத்தில் பெஷமெல்லுக்குப் பதிலாக ரிக்கோட்டா சீஸ் வைப்பார்கள். ராகுவுக்கு மாட்டிறைச்சிதான் மரபு. 1982-ஆம் ஆண்டு இத்தாலியச் சமையல் கழகம் பொலோனியா வணிகச் சபையில் பதிவுசெய்த செய்முறையும் மாட்டிறைச்சியில்தான் தொடங்குகிறது, பூண்டு அதில் கிடையாது. எங்கள் வீட்டில் இருவர் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள் என்பதால், பாயான் பாரு சந்தையில் 500 கிராம் ஆட்டிறைச்சியைக் கொத்தி வாங்கி வந்தேன். பூண்டையும் விடவில்லை; பூண்டில்லாமல் ஆட்டுக்கறி சமைக்கும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அம்மாவின் அடுப்படியில் பழகிய எனக்கு ஆட்டுக்கறி என்றால் பெரட்டல்தான். கறி வெந்து, நீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியின் ஓரத்தில் மினுக்கும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெங்காயம், கேரட், செலரி, தக்காளி எல்லாம் சேர்த்த ராகுவையும் அதே சட்டப்படி ஒன்றேகால் மணி நேரம் சுண்டவிட்டேன். சோற்றில் பிசைந்து உண்ண அதைவிட நல்ல கறி கிடைக்காது. ஆனால் உலர்ந்த மாவுத் தாள், நீரை உறிஞ்சிச் சூட்டில் உப்பினால்தான் மென்மையாகும்; அதை முன்பே வேகவைக்காவிட்டால், அந்த நீர் முழுவதும் குழம்பிலிருந்தும் சாஸிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். நானோ சொட்டு நீர் மிஞ்சாமல் வற்றவைத்திருந்தேன்.

வெள்ளைச் சாஸ் வேறு வகையில் படுத்தியது. 50 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாடை போகும்வரை வறுத்து, 600 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைக்க வேண்டும். நான் அவசரத்தில் பாதிப் பாலை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். மாவு கட்டிகட்டியாகத் திரண்டது. சூடான பால் பட்டதும் கட்டியின் மேற்புறம் வெந்து இறுகிவிடுவதால் உள்ளே இருக்கும் மாவு கரையவே கரையாது. கடைசியில், அறைத்தோழி ஒருத்தி தேநீர் வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி அந்தச் சாஸைக் காப்பாற்றினாள்.

அன்று குறையே இல்லாமல் அமைந்தது ஜாதிக்காய்தான். பினாங்கில் ஜாதிக்காய் என்றதும் பலருக்கும் அதன் பழச்சாறும் ஊறுகாயும்தான் நினைவுக்கு வரும். பெஷமெல்லுக்கு வேண்டியதோ உள்ளிருக்கும் கொட்டை. பாலிக் பூலாவ் போனபோது வாங்கி வைத்திருந்த கொட்டை ஒன்றைத் துருவினேன். வெட்டிய பாக்கைப் போலவே அதன் உள்ளே பழுப்பும் வெளுப்புமாக வரியோடியிருந்தது. இரண்டு சிட்டிகை போதும். அதற்கு மேல் போனால் கசக்கும்.

20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் தட்டில் எட்டுத் தாள்களை நான்கு அடுக்காக வைத்து, மூடாமல் 180 டிகிரியில் சுட்டேன். சிறிய ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், 15 நிமிடத்திலேயே சீஸ் பொன்னிறமாகி, எல்லாம் வெந்துவிட்டதுபோல் என்னை ஏமாற்றியது. பொறுமையில்லாமல் உடனே வெட்டினேன். நடுப்பகுதி அடுக்கு குலைந்து சரிந்தது. ஓரத்துத் தாளோ கத்தி பட்டதும் அப்பளம் ஒடிவதுபோல் 'படக்' என்று ஒடிந்தது. நால்வரும் அதைக் கடித்துக் கடித்துத் தின்றோம்.

அடுத்த வாரம், மிச்சத் தாள்களைக் கொண்டு மீண்டும் செய்தேன். இம்முறை ராகுவில் ஒன்றரைக் குவளை வெந்நீர் விட்டு, கரண்டியிலிருந்து மீன்குழம்பைப் போல் ஒழுகும் பதத்தில் இறக்கினேன். முதல் தாளுக்கு அடியிலும் கொஞ்சம் குழம்பைப் பரப்பினேன். மேல்தாளின் நான்கு ஓரங்களும் மூழ்கும்படி சாஸை ஊற்றினேன். பிறகு, சீஸில் ஒட்டாமல் அலுமினியத் தாளால் மூடி 30 நிமிடமும், திறந்து 15 நிமிடமும் சுட்டு, வெளியே எடுத்து 20 நிமிடம் தொடாமல் விட்டேன். ஆறும்போதுதான் சாஸ் இறுகி அடுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. இம்முறை வெட்டிய துண்டு, நான்கு அடுக்கும் தெரிய நிமிர்ந்து நின்றது.

எங்கள் நால்வரில் மூத்தவரான அக்கா, தன் பங்கை முழுவதும் உண்டு முடித்துவிட்டு, போன வாரம் போல ஓரத்தில் மொறுமொறுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று தட்டைத் திருப்பிப் பார்த்தார்.