திரி நிற்காமல் எரிய: வீட்டு எண்ணெய் விளக்கு பற்றிக் கேள்வி பதில்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் நம் பக்கம் கரண்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் கிடக்கும் பொருளில் விளக்கு செய்யக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, ஊறுகாய் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டு நல்லெண்ணெய் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. ஏன்? (தங்கச்சிமடம்)

தங்கச்சி, அந்த அமைப்பு மண்ணெண்ணெய்க்கு உரியது. மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் மளமளவென ஏறும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கெட்டி. அவ்வளவு உயரம் ஏறி வருவதற்குள் திரி கருகிவிடும். அகல் விளக்கில் சுடர் எண்ணெயை ஒட்டியே நிற்பது இதனால்தான்.

கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு விரற்கடை எண்ணெய் விடுங்கள். பழைய வயரை உரித்துச் செம்புக் கம்பியை எடுத்து, ஒரு முனையைத் திரியைச் சுற்றிச் சுருட்டுங்கள். மறுமுனையை விளிம்பில் கொக்கியாக மாட்டுங்கள். திரி நுனி எண்ணெய்க்கு மேலே அரை சென்டிமீட்டர் தெரிந்தால் போதும், கூடினால் புகையும். எண்ணெய் இறங்க இறங்கக் கம்பியையும் இறக்க வேண்டும்.

வலையில் கட்டும் மிதவையில் திரியைச் செருகி மிதக்க விடலாமா?

வேண்டவே வேண்டாம். உருகித் தீப்பிடிக்கும்.

காக்கா (அண்ணே), காய்ந்த எண்ணெயில் தண்ணி பட்டா தெறிக்குமே? (கீழக்கரை)

நல்ல கேள்வி தம்பி. சட்டியில் எண்ணெய் முழுவதும் கொதிக்கிறது. தண்ணீர் அதற்குள் இறங்கியதும் ஆவியாகி எண்ணெயை வாரி இறைக்கிறது. டம்ளர் விளக்கில் திரியைச் சுற்றித்தான் சூடு, அடியில் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொட்டால் சடசடவென்று அணைந்துவிடும். ஆனால் எண்ணெய்ப் பரப்பே பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டால் மூடுங்கள்.

எண்ணெய் விற்கிற விலைக்கு, படகு டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால்?

திறந்த டம்ளரில் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி 40 டிகிரி பக்கத்திலேயே பற்றும். சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். விலையை மட்டும் பார்த்து இதில் துணியாதீர்கள். மீன் பொரித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி எரிக்கலாம். மசாலாத் தூள் இருந்தால் திரி அடைத்துப் புகையும், வாடையும் வரும். திண்ணைக்குச் சரி.

திரிக்குப் பழைய சேலை ஆகுமா?

பருத்தியாக இருந்தால் ஆகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும். கிழிந்த வேட்டிதான் சிறந்தது. கடற்காற்றில் துணி உப்பும் ஈரமும் ஏறியிருக்கும், அலசி வெயிலில் முறுகக் காய வைத்துத் திரியுங்கள்.

சிப்பியில் ஏற்றலாமா?

குழம்புக்கு வாங்கிய மட்டியின் ஓட்டைக் கழுவிக் காய வைத்தால் அழகான அகல். அழகுக்கென்று பவளப்பாறையை மட்டும் உடைத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மன்னார் வளைகுடாவின் மீன்வளம் அதை நம்பி இருக்கிறது.

வாடைக்காற்றில் நிற்கவில்லையே?

உயரமான, வாயகன்ற பாட்டிலுக்கு மாற்றுங்கள். சுடர் வாய் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே இருக்கட்டும். வாயை மட்டும் மூடாதீர்கள். ஓலை வீடு என்றால் மணல் பரப்பிய தாம்பாளத்தில் வைத்து, ஆள் விழித்திருக்கும் வரை மட்டும் எரியுங்கள்.