மேலே பார்க்கும் மீன்

அன்புள்ள அண்ணா,

டாலஸ் பக்கம் இருக்கிறேன். சொந்த ஊர் பாபநாசம் அருகே. வாய்க்காலில் கெளுத்தியும் விராலும் பிடித்து வளர்ந்த கை. இந்த வருஷம் 9 அடி, 5 வெயிட் ஃப்ளை ராடு (இறகில் கட்டிய பொய் இரையான ஃப்ளையை வீசும் தூண்டில்கோல்; வெயிட் என்பது லைன் எடையின் எண்) ஒன்று வாங்கி, ரே ராபர்ட்ஸ் ஏரியில் கிராப்பி என்ற ஏரிமீனைப் பிடிக்க மூன்று வார இறுதி போய்வந்தேன். தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களை ஒட்டித்தான் வீசுகிறேன். நன்றாக அடிவரை இறங்கவிட்டுத்தான் இழுக்கிறேன். ப்ளூகில் வருகிறது, கிராப்பி வருவதில்லை. மாட்டிய இரண்டும் கரைக்கு வருமுன் கழன்றுவிட்டன. ஆறு நிறத்தில் ஃப்ளை வாங்கிப் பார்த்தாயிற்று. படகில் வருகிறவர்கள் "ஃப்ளை எல்லாம் ட்ரௌட்டுக்கு, கிராப்பிக்கு உயிர் மின்னோப் பொடிமீனும் தக்கையும்தான்" என்று சிரிக்கிறார்கள். எந்த நிறம் சரி? கறுப்புக் கிராப்பியையும் வெள்ளைக் கிராப்பியையும் எப்படிப் பிரிப்பது? இன்னும் நல்ல ராடு வாங்க வேண்டுமா? 9 வயது மகளும் கூட வருகிறாள். அவளுக்கு முன்னால் வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். முதுகுத் துடுப்பின் முன்பக்கத்து முட்களை எண்ணுங்கள். ஏழெட்டு இருந்தால் கறுப்பு, ஆறோ அதற்குக் குறைவோ என்றால் வெள்ளை. உடம்பின் நிறத்தை நம்பாதீர்கள். முட்டையிடும் காலத்தில் கூடு காக்கிற ஆண் எந்த வகையானாலும் கறுத்துப்போய்த்தான் இருக்கும். ராடு இருப்பதே போதும். காசை மகளுக்குச் செலவழியுங்கள்.

நிறம் கிடக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது "அடிவரை இறங்கவிட்டு" என்ற சொல்தான். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள்! தம்பி, அது கெளுத்தி பிடிக்கிற கை. கெளுத்தி மீசையால் சேற்றைத் தடவி இரை தேடும். ஈயம் கட்டி, தரை தட்டும்வரை விட்டு, கிடக்கவிட்டால்தான் அதற்குச் சரி. கிராப்பி இதற்கு நேர் எதிர். கண்கள் தலையின் மேற்பக்கத்தை ஒட்டி இருக்கும். கீழ்த்தாடை முன்னால் நீண்டிருப்பதால் வாய் மேல்நோக்கித் திறக்கும். மரக்கிளையோரம் அசையாமல் நின்று, தலைக்கு மேலே போவதை ஏறி எடுக்கிற மீன் அது. 6 அடியில் நிற்கும் கிராப்பிக்கு 5 அடியில் தொங்கும் ஃப்ளை கண்ணெதிரே இருக்கிறது. 7 அடியில் தொங்குகிற ஃப்ளை அதற்கு இல்லவே இல்லை. நீங்கள் ஆறு நிறம் மாற்றினீர்கள். ஒருதடவையாவது ஆழத்தை மாற்றினீர்களா? ஆறு நிறமும் மீனின் வயிற்றுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தன.

இப்படிச் செய்யுங்கள். மிதக்கும் லைன், அதன் முனையில் 9 அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு), நுனியில் 4 எக்ஸ் பருமன் நரம்பு. ஃப்ளைக்கு 3 அடி மேலே சின்னத் தக்கை ஒன்று. மரத்தை ஒட்டி 25, 30 அடி தூரத்துக்கு வீசினால் போதும். விழுந்தபின் பத்து எண்ணும்வரை கையை ஆட்டாதீர்கள். பிறகு ராடு நுனியை நாலு விரல்கடை உயர்த்தி இறக்குங்கள். மறுபடி பத்து. ஐந்தாறு வீச்சுக்கு ஒன்றும் இல்லையென்றால் தக்கையை அரை அடி மேலே தள்ளுங்கள். மூன்றரை, நாலு, நாலரை என்று ஆறு வரை போகலாம். அதற்கு மேல் தக்கையோடு வீசினால் சிக்குத்தான் விழும். ஒரு மீன் விழுந்துவிட்டால் தக்கையைத் தொடவே தொடாதீர்கள். கிராப்பி கூட்டமாக நிற்கும் மீன். ஒன்று எந்த ஆழத்தில் எடுத்ததோ அங்கேதான் மற்றவையும் நிற்கும்.

தக்கை முங்கும் என்று காத்திருப்பதும் ஊர்ப் பழக்கம்தான். கிராப்பி கீழிருந்து ஏறி, ஃப்ளையை வாயில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே வரும். அப்போது நரம்பில் இருந்த பாரம் போய்விடும். தக்கை முங்காது, நிமிர்ந்து நின்றது லேசாகப் படுக்கும். அதுதான் கடி. அந்த நேரத்தில் நீங்கள் "காற்று" என்று நினைத்துக்கொண்டு மகளிடம் பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

ஏரித் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் வசந்தகால வாரங்களில், முட்டையிடக் கரையோரம் வந்து நிற்கும்போது இந்தக் கணக்கு சரி. சூடு ஏறியபின் அவை 10, 15 அடி ஆழத்துக் கிளைகளுக்குப் போய்விடும். அப்போது தக்கையை எறிந்துவிட்டு முங்கும் லைன் போடுங்கள். லைன் டப்பாவிலேயே நொடிக்கு எத்தனை அங்குலம் இறங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். நொடிக்கு 3 அங்குலம் என்றால் 10 அடிக்கு 40 நொடி. மீன் 11 அடியில் நின்றால் 40 எண்ணிவிட்டு மெதுவாக இழுக்கத் தொடங்குங்கள். இங்கேயும் ஒரு கோளாறு உண்டு. லீடர் 9 அடி விட்டால் லைன் இறங்கிவிடும், எடை குறைந்த ஃப்ளை பின்தங்கி எங்கேயோ மேலே தொங்கும். நீங்கள் எண்ணிய நாற்பதும் வீண். முங்கும் லைனுக்கு லீடர் 4 அடிக்கு மேல் வேண்டாம்.

படகுக்காரர்கள் சிரிக்கட்டும். உயிர் மின்னோவில் நிறையப் பிடிக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃப்ளை ராடில் ட்ரௌட்டுக்கு மட்டும் என்று எழுதியா ஒட்டியிருக்கிறது? மற்ற தூண்டிலில் ஈயத்தின் பாரம் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். இங்கே லைனே பாரம். 5 வெயிட் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். அது பறக்கும்போது அரை கிராம்கூட இல்லாத இறகுத் துண்டையும் கூட்டிக்கொண்டு போகும். பாரமில்லாததால் அந்த இறகு தண்ணீரில் மெல்ல மெல்ல இறங்கும். மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் மீனுக்கு, தலைக்கு மேலே மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இத்தனை பாடும். அவசரத்தில் 1/16 அவுன்ஸ் ஈய ஜிக்கை (ஈயத்தலை வைத்த முள்) கட்டிச் சாட்டை போல வீசிவிடாதீர்கள். அது கிட்டத்தட்ட 1.8 கிராம். என்றாவது ராடு நுனியில் பட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். இன்னொரு நாள் கையகல மீனுக்கு ராடு ஒடியும், நீங்கள் கம்பெனியைத் திட்டுவீர்கள்.

ஃப்ளையை நீங்களே கட்டலாம். 8ஆம் எண் ஜிக் முள் (காதருகே தண்டு வளைந்தது), தலையில் மணிச்சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு மணிகள், வாலுக்கு மரபூ என்ற பஞ்சுபோன்ற இறகு. வால் முள்ளின் தண்டு நீளத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் மீன் வால் நுனியை மட்டும் கிள்ளிவிட்டுப் போய்விடும். மணிகளைத் தண்டின் மேற்பக்கம் கட்டினால் முள்முனை மேலே திரும்பும், கிளையில் சிக்குவது குறையும். முடிச்சு முள்ளின் காதில் மேற்பக்கமாக உட்கார்ந்தால் ஃப்ளை கிடைமட்டமாகத் தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சு முன்னால் நழுவியிருக்கும், ஃப்ளை செங்குத்தாகத் தொங்க ஆரம்பிக்கும். நகத்தால் தள்ளிச் சரிசெய்துகொள்ளுங்கள். கம்பி மெலிந்த முள்ளாக இருக்கட்டும். கிளையில் மாட்டினால் நேராகப் பிடித்து நிதானமாக இழுக்க, முள் நிமிர்ந்து கையோடு வந்துவிடும். வளைத்துவிட்டு மறுபடி வீசலாம்.

கழன்ற இரண்டு மீன்களும் விராலின் கணக்கில் போனவை. விராலின் வாய் கெட்டி, சுண்டினால்தான் முள் இறங்கும். கிராப்பியைக் காகித வாய் என்றே அங்கே சொல்வார்கள். தாடை எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். சுண்டினால் முள் போன ஓட்டை கிழிந்து பெரிதாகும். நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் முள் தானாக விழுந்துவிடும். ராடை மெல்ல உயர்த்துங்கள், அவ்வளவுதான். வளைவு வளைவாகவே இருக்கட்டும். உங்கள் 5 வெயிட்டின் இளகிய நுனி அந்தச் சவ்வைக் காப்பாற்றும். நரம்பைப் பிடித்து மீனை அந்தரத்தில் தூக்கவே கூடாது. கைவலை வைத்துக்கொள்ளுங்கள், அதை மகளிடம் கொடுங்கள். மீனின் பின்னால் துரத்தாமல் வலையை முதலில் தண்ணீருக்குள் இறக்கி வைத்துவிட்டு, நீங்கள் கொண்டுவரும் மீனை ஏந்தச் சொல்லுங்கள். டெக்ஸாஸில் 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விடுங்கள். இரண்டு வகையும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 25தான். அந்த எண்ணிக்கையைப் பற்றி உங்களுக்கு இப்போதைக்குக் கவலை வராது.

வெட்கம் எதற்கு? எண்ணுகிற வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை நாற்பதை நாற்பதாக எண்ணும். நாம்தான் இருபத்தைந்திலேயே இழுத்துவிடுவோம்.

அடுத்த கடிதத்தில் எத்தனை அடியில் விழுந்தது என்று எழுதுங்கள். நிறத்தைக் கேட்டால் பதில் போடமாட்டேன்.