150 படம் ஏற்றியும் 30-க்குத்தான் 'ரிசர்ச் கிரேடு': எங்கே தவறுகிறது?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாதமாக, உயிரினங்களின் படங்களை ஏற்றிப் பலரும் சேர்ந்து இனம் கண்டறியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் 150 படங்கள் ஏற்றியிருக்கிறேன். பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிகள், கொஞ்சம் செடிகள். 30-க்குத்தான் 'ரிசர்ச் கிரேடு' (ஆய்வுத் தரம்) கிடைத்தது. மற்றவற்றில் என்ன குறை? இந்தத் தரவை இறுதியாண்டு புராஜெக்டுக்கு எடுக்கலாமா?

பதில்: செடிகளை முதலில் தள்ளிவைத்துவிடலாம். கல்லூரி வளாகத்துச் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் நட்டு வளர்த்தவை. அவற்றுக்கு அந்தத் தரம் கிடைக்கவே கிடைக்காது. 'வளர்ப்பு' என்று நீங்களே குறித்துவிடுங்கள். அந்தச் செம்பருத்தியில் வந்து உட்கார்ந்த பூச்சிக்குத் தடையில்லை.

அடுத்து, தேதியும் இடமும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இரண்டுமே உதிர்ந்துபோகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேமரா செட்டிங்கில் லொகேஷன் ஆன் ஆகியிருக்கட்டும். வரைபடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஏற்றினால், ஏரிக்கரையில் எடுத்த பூச்சி விடுதி மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துவிடும்.

உண்மையான சிக்கல் இனம் கண்டறிவதில்தான். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே இனத்தைச் சொன்னால்தான் தரம் உயரும். 'மேல்' என்பதைக் கவனியுங்கள். செயலி காட்டிய முதல் பெயரை நீங்கள் அப்படியே தட்டிவிட்டு, அது தவறு என்றால், சரியான பெயரோடு இருவர் வந்தாலும் போதாது. மூவரில் இருவர் என்பது சரியாக மூன்றில் இரண்டு பங்குதான், அதற்கு மேல் இல்லை. சரியான பெயரைச் சொல்ல மூன்றாவது ஆள் வர வேண்டும். ஆள் பஞ்சமுள்ள பூச்சி வகைகளில் அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தவறு என்று புரிந்ததும் உங்கள் பெயரை வாபஸ் வாங்கினால் இருவரே போதும். உறுதியில்லாதபோது 'வண்ணத்துப்பூச்சி' என்ற அளவில் நிறுத்திக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை. வெறுமனே விட்டுவிடாதீர்கள், பெயரே இல்லாத பதிவு அந்தத் துறைக்காரர் கண்ணில் படுவது அரிது.

ஒரு எடுத்துக்காட்டு. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியையும் அதைப் போலவே தோற்றம் கொண்ட டனாய்ட் எக்ஃப்ளை பெண்ணையும் எல்லோரும் குழப்புவார்கள். பின்சிறகின் நடுப்பகுதியில் மூன்று, நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் வரியன். முன்விளிம்பை ஒட்டி ஒரே புள்ளி என்றால் எக்ஃப்ளை. பின்சிறகை முன்சிறகு மறைத்த படத்தை வைத்துக்கொண்டு நிபுணரும் திணறுவார். அதனால் ஒரு பூச்சிக்கு மூன்று படமாவது எடுங்கள்: மேல்சிறகு, மூடிய சிறகின் அடிப்பக்கம், உட்கார்ந்த செடி. முட்டையிடுகிறது என்றால் செடியே பாதி விடை சொல்லிவிடும். வரியன் எருக்கைத் தேடும், எக்ஃப்ளை தரையில் படரும் பருப்புக்கீரையை. மூன்று படங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். தனித்தனியாக ஏற்றினால் ஒரே பூச்சி மூன்றாகக் கணக்காகும்.

புராஜெக்டுக்கு எடுக்கலாம், ஓர் எல்லைக்குள். இந்த இனம் இந்த மாதத்தில் இங்கே இருந்தது என்று சொல்லலாம். எண்ணிக்கை கூடியது, குறைந்தது என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். படங்கள் கூடியது நீங்கள் அதிகம் நடந்ததால்கூட இருக்கலாம். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் பறவைகளுக்கு மாறி ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் 15 நிமிட முழுப் பட்டியல்களைத் தொடர்ந்து போடுங்கள். கண்டதும் கேட்டதும் ஒன்றுவிடாமல் எழுதிய பட்டியலில்தான், எழுதாத பறவை தென்படவில்லை என்பதும் தரவாகிறது.

உங்கள் பதிவுகள் ஜிபிஐஎஃப் உலகத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டுமென்றால் உரிமத்தை 'அனைத்து உரிமைகளும் எனக்கே' என்று வைக்காதீர்கள். நட்சத்திர ஆமை போன்றவற்றின் இருப்பிடத்தைத் தளமே 0.2 டிகிரிக் கட்டத்துக்குள், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் அகலத்துக்குள், மங்கலாக்கிவிடும். ஆனால் குறிப்புப் பெட்டியில் 'கோயில் குளத்துக்குப் பின்னால்' என்று நீங்களே எழுதிவிட்டால், ஆமை பிடிப்பவருக்கு அதுவே போதும்.