சிறையிலிருந்து வெளியே வந்த பெண்கள் ஏன் மறுபடியும் உள்ளே போகிறார்கள்?

“திருந்தவில்லை, அதனால்தான்” என்று இந்தக் கேள்விக்குப் பலர் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில். விடுதலையான பெண்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் ஒரு சிறு குழுவில் சனிக்கிழமைகளில் உட்காருகிறேன். பார்த்தவரையில், ராத்திரி எங்கே படுப்பது என்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

கலிஃபோர்னியாவில் விடுதலையின்போது கையில் 200 டாலர் தருவார்கள். உடுப்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அதிலேயே பிடித்துக்கொள்வதும் உண்டு. மிச்சத்தை வைத்து இந்த ஊரில் எத்தனை நாள் தங்க முடியும்? முன்பு கூட வாழ்ந்த ஆளிடம் போனால் இடம் கிடைக்கும். போதையும் அடியும் அதே வீட்டில்தான்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடுமை. குழந்தையைத் திருப்பித் தர நீதிமன்றம் வீட்டைக் காட்டச் சொல்லும். குடும்பத்துக்கான வீட்டு உதவியோ, குழந்தை கூட இருந்தால்தான் சுலபமாகக் கிடைக்கும். இதற்கிடையில் 1997ஆம் ஆண்டின் மத்திய சட்டம் வேறு. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அரசுப் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் தவிர, தாயின் உரிமையை ரத்து செய்ய மாநிலம் வழக்குப் போட வேண்டும். இரண்டு வருடத் தண்டனை பெற்றவள் என்ன செய்வாள்? பிள்ளையே போய்விட்டது என்று தெரிந்த பிறகு போதையைத் தேடிப் போகிறவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

1996இல் வந்த சட்டம், போதை வழக்கில் பெருங்குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கு உணவு உதவியை ஆயுளுக்கும் மறுத்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை! பல மாநிலங்கள் அதைத் தளர்த்திவிட்டன; கலிஃபோர்னியா நீக்கியது 2015இல்தான்.

இங்கே சூசன் பர்ட்டனைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வயது மகன் ஒரு போலீஸ்காரர் ஓட்டிய வண்டி மோதி இறந்தபின் போதையில் விழுந்து, பல முறை சிறை போய் வந்தவர். 1997இல் சான்டா மோனிகாவில் சிகிச்சை கிடைத்தது. வசதியானவர்கள் வாழும் அந்த ஊரில், தன்னைப் போலவே தவறு செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீட்டை எடுத்து, சிறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களைக் கூட்டிப் போய்த் தங்கவைத்தார். முதலில் கொடுத்தது படுக்கை. அப்புறம்தான் அடையாள அட்டை, வேலை, குழந்தை வழக்கு எல்லாம்.

2005இல் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை அமெரிக்க அரசு ஐந்து வருடம் கணக்கெடுத்தது. மறுபடி கைதானவர்கள் ஆண்களில் சுமார் 78 சதவீதம், பெண்களில் 68. கைது என்றால் குற்றம் நிரூபணமானது என்று அர்த்தமில்லை, கவனியுங்கள். விடுதலைக்குப் பின் கண்காணிக்கும் பரோல் அதிகாரியைப் பார்க்கும் நாளும் குழந்தை வழக்கு நாளும் ஒன்றாக வந்து, ஒன்றைத் தவறவிட்டுச் சிக்கலில் மாட்டியவர்களை எனக்கே தெரியும்.

உதவலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அறிவுரை வேண்டாம். ஒரு மாத வாடகைக்கு வழி செய்யுங்கள், அலுவலகங்களுக்குக் கூடப் போய் நில்லுங்கள்.