யானை உள்ளி நடுவது குறித்து, அலொட்மென்ட் கிடைத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வடமேற்கு லண்டனில் நீண்ட காலம் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பிறகு, இந்தச் செப்டெம்பரில் அரைத் துண்டு அலொட்மென்ட் நிலம், அதாவது வீட்டுத் தேவைக்குப் பயிரிட வாடகைக்குத் தரும் சிறு நிலம், உங்கள் கைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து நிலத்து முதியவர் பருத்த உள்ளிப் (பூண்டுப்) பற்கள் சிலவற்றைத் தந்து, இது எலிபன்ட் கார்லிக் (யானை உள்ளி), நட்டுப் பார் என்றாராம். கையோடு, உங்கள் நிலத்தின் வேலியோர மூலையில் மட்டும் வெங்காய வகை எதையும் நட வேண்டாம் என்றும் எச்சரித்தாராம். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வெங்காயத் தோட்டத்துக்குள் வளர்ந்த நீங்கள், இதை எப்போது நடுவது, அந்த மூலையில் என்ன கோளாறு, நமது சமையலுக்கு இது உதவுமா, மிஞ்சுவதைத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நடுங்கள். ஆனால் முதல் ஆண்டில் ஒரு வரிசைக்கு மேல் வேண்டாம். வழமையான உள்ளியை விட்டுவிட்டு இதை நடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இது நாம் சமைக்கும் உள்ளி பெருத்து வந்த வடிவம் அன்று. கடை உள்ளி அல்லியம் சற்றைவம் என்ற இனம். யானை உள்ளி அல்லியம் அம்பெலோபிராசம் என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்தது. நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து இறங்கும் லீக்ஸும் அந்த இனந்தான். முளைத்து நான்கு இலை விட்டதும் நீங்களே கண்டுகொள்வீர்கள்: அகன்று, நடுவில் மடிந்து, சாம்பல் கலந்த பச்சையில் லீக்ஸ் போலவே நிற்கும். ஒரு குமிழில் நான்கு முதல் ஆறு பற்களே இருக்கும். நன்றாக விளைந்த குமிழ் அரைக் கிலோவை நெருங்கும். இங்கிலாந்தில் வைட் தீவின் நியூசேர்ச் பகுதி இந்தப் பயிருக்குப் பெயர்பெற்றது. ஆனால் இன்றைய வணிகப் பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது: ஒரிகன் மாநிலத்தின் சையோ என்ற சிற்றூரில், நடு ஐரோப்பாவிலிருந்தும் பால்கன் பகுதியிலிருந்தும் குடியேறியவர்கள் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்துவந்ததை 1941இல் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் கண்டெடுத்து, 1950களில் இந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார்.

நடும் காலத்தைப் பொறுத்தவரை, வலிகாமத்துச் செம்மண் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். ஊரில் சின்ன வெங்காயத்தை நட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் பிடுங்கிப் பிடி கட்டிவிடுகிறோம். இதுவோ ஒக்டோபரில் நட்டு அடுத்த யூலையில் கிண்டும் பயிர். ஏறத்தாழ ஒன்பது மாதம் பாத்தியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த ஒன்பது மாதத்தில் தவிர்க்க முடியாத பகுதி பனிக்காலந்தான். பத்துப் பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஓரிரு மாதங்கள் இருந்தால்தான் குமிழ் பற்களாகப் பிரியும். குளிர் போதாவிட்டால், அல்லது ஏப்ரலில் போய் நட்டால், பிரியாத ஒற்றை உருண்டையே கிடைக்கும். அதைச் சமைக்கலாம், அல்லது வைத்திருந்து அடுத்த ஒக்டோபரில் நட்டால் மறு ஆண்டில் பெரிய குமிழாகப் பிரியும். ஆகவே அதுவும் வீணில்லை. உறைபனியைக் கண்டு அஞ்சி மூடிப் பொத்தி வைக்கத் தேவையில்லை, இலை தாங்கும். ஆனால் மண் உறைந்து இளகும்போது பல் மேலே தள்ளப்படுவதுண்டு. புறாவும் பிற பறவைகளும் நுனியைக் கண்டால் இழுத்துப் போடும். ஆகையால் டிசெம்பர் வரை வாரம் ஒருமுறை பார்த்து, வெளியே வந்ததைத் திரும்ப அமர்த்திவிடுங்கள்.

இனி அந்த வேலியோர மூலை. இந்தப் பதிலில் நீங்கள் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுதான். முதியவர் சொன்னது, என் கணிப்பில், வெண்ணழுகல் நோயைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். வெங்காயம், உள்ளி, லீக்ஸ் என்று அந்தக் குடும்பம் முழுவதையும் தாக்கும் பூஞ்சணம் இது. யானை உள்ளியும் தப்பாது. இலை காரணமின்றி மஞ்சளாகிச் சாயும்; பிடுங்கினால் வேர் அழுகி, அடிப்பாகத்தில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதற்குள் கசகசா அளவில் கரும்புள்ளிகள் தெரியும். அந்தக் கரும்புள்ளிகள்தாம் நோயின் வித்து. அவை மண்ணுக்குள் பதினைந்து ஆண்டுகள் வரை உறங்கிக் கிடக்கக்கூடியவை. வெங்காயக் குடும்பத்து வேர் ஒன்று அருகில் வந்து தன் சாற்றைக் கசியவிட்டால் மட்டுமே விழித்தெழும். வீட்டுத் தோட்டக்காரர் தெளித்துக் குணப்படுத்தக்கூடிய மருந்து எதுவும் இல்லை. ஊரில் ஒரு பாத்தியில் நோய் வந்தால் அடுத்த போகத்துக்கு இடம் மாற்றி நடுவோமே, இங்கே அப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் இடம் மாற்றி நட்டாலும் போதாது.

எனவே அந்த மூலையில் உருளைக்கிழங்கு, போஞ்சி, பூசணி, கோவா என எதையும் நடலாம். வெங்காயக் குடும்பம் மட்டும் வேண்டாம். அதைவிட முக்கியம், அந்த மண்ணை மற்றப் பாத்திகளுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. சப்பாத்தின் அடியில் ஒட்டிய சேறும், மண்வெட்டியில் காய்ந்த கட்டியுமே இந்த நோய்க்கு வாகனம். மூலையைக் கடைசியாகக் கொத்துங்கள்; கொத்திய பின் கருவிகளையும் சப்பாத்தையும் அங்கேயே கழுவுங்கள். அழுகிய செடியைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். நிலம் முழுவதுமே சந்தேகத்துக்கிடமாக இருந்தால், ஓரடிக்கு மேல் ஆழமுள்ள பெரிய சாடியில் கடையில் வாங்கிய புதிய கலவை மண்ணை நிரப்பி, சாடிக்கு ஒரு பல் வீதம் நடுங்கள். விளைச்சல் சற்றுச் சிறுக்கும், நோய் அணுகாது. இலவசமாக வந்த பற்களைக் குறித்தும் ஒரு சொல்: தந்தவர் தமது சுத்தமான பாத்தியில் விளைந்ததைத்தான் தந்திருப்பார் என்றாலும், பூஞ்சணம் ஒட்டியதோ மெத்தென்று அமுங்குவதோ இருந்தால் நடாமல் விடுங்கள். அதேபோல, ஊருக்குப் போய்வரும்போது நடுவதற்கென்று வெங்காயமோ உள்ளியோ பெட்டியில் வைத்துக் கொண்டுவர எண்ண வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அவற்றைப் பிரித்தானியாவுக்குள் கொண்டுவர முடியாது.

நடும் முறை எளிது. நமது பகுதியின் மண் லண்டன் களிமண். மழைக்காலத்தில் நீர் இறங்காது, நீர் நின்றால் பல் அழுகும். ஆகவே மேட்டுப்பாத்தி கட்டுங்கள். நன்கு மக்கிய கூட்டெருவைக் கலக்கலாம், பச்சை எரு ஆகாது. மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு சிறிது தூவுவது நல்லது. பல்லின் கூர்முனை மேலே பார்க்க, அதன் தலைக்கு மேல் இரண்டு அங்குல மண் இருக்கும்படி புதைத்து, பல்லுக்குப் பல் ஓரடி இடைவெளி விடுங்கள். சின்ன வெங்காயத்தை நெருக்கி நட்ட கைக்கு இந்த இடைவெளி வீண் செலவாகத் தோன்றும். நெருக்கினால் யானை உள்ளியை நடுவதில் பொருளே இல்லை, குமிழ் சாதாரண உள்ளியளவில் நின்றுவிடும். இலை மண்ணை மூடி நிழல் தராததால் களை தாராளமாக வரும், அதைக் கையால் பிடுங்குவதே பாதுகாப்பு. பெப்ரவரி கடைசியில் கோழி எருக் குறுணியைக் கொஞ்சம் தூவிக் கிளறிவிட்டால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் வானம் பொய்த்தால் நீர் ஊற்றுங்கள். யூன் நடுப்பகுதிக்குப் பின் நிறுத்திவிடுங்கள்.

பூச்சிகளில் ஒன்றைத்தான் நான் பொருட்படுத்துகிறேன்: வெங்காய இலைச் சுரங்க ஈ. இது 2002இல் தான் பிரித்தானியாவில் முதலில் கண்டறியப்பட்டது. ஆகவே பழைய தோட்டக்கலைப் புத்தகங்களில் இதற்கான எச்சரிக்கையைக் காண மாட்டீர்கள். மார்ச், ஏப்ரலில் ஒருமுறையும் ஒக்டோபர், நொவெம்பரில் மறுமுறையும் பறந்து வந்து முட்டையிடும்; இலையில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். மருந்தை நம்பாமல், அந்த மாதங்களில் நுண்கண் பூச்சி வலையை வளைவுக் கம்பிகளின் மேல் போட்டு, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். கோடையின் தொடக்கத்தில் இலையில் செம்மஞ்சள் துருப்பொடி படிவதும் வழக்கம். அதைக் கண்டு பயந்து பயிரைப் பிடுங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் குமிழ் தேறிவிடும்.

யூனில் நடுவிலிருந்து தடித்த பூந்தண்டு கிளம்பி, விட்டால் ஆள் உயரத்துக்குப் போகும். ஊதா உருண்டைப் பூ அழகுதான், தேனீயும் மொய்க்கும். ஆனால் அதிலிருந்து முளைக்கக்கூடிய விதை கிடைப்பதில்லை, குமிழுக்குப் போக வேண்டிய சத்தைத்தான் அது தின்கிறது. வரிசைக் கோடியில் ஒன்றை மட்டும் பூக்க விட்டு, மற்றவற்றை மொட்டு விரியுமுன் அறுத்துவிடுங்கள். இளந்தண்டைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்து வறை செய்து பாருங்கள். இந்தப் பயிரில் நமது சமையலுக்கு மிக இயல்பாகப் பொருந்துவது அந்தத் தண்டுதான் என்பேன்.

யூலையில் கீழ் இலைகள் மஞ்சளாகிப் பாதிச் செடி காய்ந்ததும், இழுக்காமல் முள்ளுக் கருவியால் அடியோடு நெம்பித் தூக்குங்கள். இலை முழுவதும் காயும்வரை காத்திருந்தால் பற்கள் மண்ணுக்குள்ளேயே விரிந்து பிரிந்துவிடும், பின் நாள்பட நிற்காது. மழை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இலையோடே மூன்று நான்கு வாரம் உலர்த்துங்கள். தூக்கும்போது குமிழின் அடியில் கடினமான பழுப்புத் தோலுடன் குட்டிக் குமிழ்கள் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அவற்றை உதிர்த்து எறிந்துவிடாதீர்கள். தோலைக் கீறி ஒக்டோபரில் நட்டால், முதல் ஆண்டில் ஒற்றை உருண்டையாகவும் அடுத்த ஆண்டில் பற்கள் பிரிந்த குமிழாகவும் வரும். நடுவதற்கான ஒரு குமிழுக்குக் கடைக்காரர் சில பவுண்கள் கேட்கும் நாட்டில், இந்தக் குட்டிகள் இருக்கும்வரை மீண்டும் வாங்கத் தேவையில்லை.

சமையலில் இதன் காரம் மென்மையானது. இரசத்துக்குத் தட்டிப் போட்டால் மணம் எழும்பாது. பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியக் கறி வைப்பதற்கும் வழமையான உள்ளியையே எடுங்கள். தாளிக்கும்போது கருகவிட்டால் கசக்கும். மெல்லிய தீயில் நெடுநேரம் வேகும் கறிகளில்தான் இதன் குணம் தெரியும்: பல்லை இரண்டாக நான்காக வெட்டிப் புளிக்குழம்பிலோ பாற்கறியிலோ போட்டால், கிழங்கு போல வெந்து இனிக்கும். இத்தாலியின் வால்டிகியானா பள்ளத்தாக்கிலும் இதே வகையைத் தக்காளிச் சாற்றில் மெதுவாகக் கரையவிட்டுத்தான் சமைக்கிறார்கள்.

கடைசியாக, விற்பனை. 1922ஆம் ஆண்டின் அலொட்மென்ட் சட்டம் இத்தகைய நிலத்தை, பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்பதற்கான மரக்கறியையும் பழத்தையும் முழுமையாகவோ பெரும்பகுதியோ விளைவிக்கும் நிலம் என்றே வரையறுக்கிறது. தமிழ்க் கடைக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பது அந்த நோக்கத்துக்கு முரணானது. நிலத்தை இழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். தப்பித்தவறி மிஞ்சிய சில குமிழ்களை விற்பது வேறு விடயம். அதையும் சில ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்து தெளிவாக இல்லையென்றால், உங்கள் நிலத் தொகுதியின் செயலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.