1910-ல அமெரிக்காவோட மில்வாக்கி நகரத்துல ஒரு சோஷலிஸ்ட் எப்படி மேயர் ஆனார்?

ஊழல் மேல மக்களுக்கு இருந்த கடுப்பு ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்லங்க. மேயர் டேவிட் ரோஸ் காலத்துல நடந்த லஞ்சத்துக்கு கிராண்ட் ஜூரி (யார் மேல வழக்கு போடலாம்னு முடிவு பண்ற பொதுமக்கள் குழு) வரிசையா வழக்கு போட்டுச்சு, டெமாக்ரடிக், ரிபப்ளிகன்னு ரெண்டு பெரிய கட்சி பேரும் நாறிப்போச்சு. மில்வாக்கி முழுக்க ஃபேக்டரி, பீர் ஆலை, தோல் பதனிடுற இடம்னு தொழிலாளிங்க நிறைஞ்ச ஊரு, பாதிக்கு மேல ஜெர்மன், போலிஷ் வம்சம். அந்த ஊர் சோஷலிஸ்ட் தலைவர் விக்டர் பெர்கரோட ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில நோட்டீஸ் கட்டைத் தூக்கிட்டு வீடு வீடா போய், எந்த வீட்டுல என்ன பாஷை படிப்பாங்கன்னு தெரிஞ்சு அந்த பாஷை நோட்டீஸையே போட்டுட்டு வந்துடுவாங்க. எனக்கு என்னவோ இதுதான் அவங்கள ஜெயிக்க வச்சதுன்னு தோணுது.

ஏப்ரல் 5-ல மரச்செதுக்கு வேலை பார்த்த எமில் சைடல் மும்முனைப் போட்டியில ஜெயிச்சார், பாதிக்கும் கொஞ்சம் கம்மியான ஓட்டுதான். 1912-ல ரெண்டு கட்சியும் கூட்டு சேர்ந்து ஒரே ஆளை நிறுத்துனாங்க, சைடல் முன்னவிட அதிக ஓட்டு வாங்கியும் தோத்தார். (நம்ம ஊர் கூட்டணிக் கணக்கேதான்!) ஆனா 1916-ல இன்னொரு சோஷலிஸ்ட் டேனியல் ஹோன் மேயரா வந்து 1940 வரைக்கும் சீட்டை விடல, சாக்கடை, குடிதண்ணினு அதையே பிடிச்சு வேலை பார்த்ததால மில்வாக்கி சோஷலிஸ்ட்டுங்களுக்கு 'சாக்கடை சோஷலிஸ்ட்'னு பட்டப்பேரே வந்துடுச்சு.