இரண்டுமே லுத்தரன் ஆலயம்தான், ஒன்றில் மட்டும் ஏன் திருவிருந்து இல்லை?

கேள்வி: நாங்கள் பரம்பரை லுத்தரன் குடும்பம். வேலை காரணமாக அமெரிக்கா வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் ஞாயிறு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த லுத்தரன் ஆலயத்துக்குப் போனோம். திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்குக்கு) எழுந்தபோது போதகர் எங்களிடம் வந்து, "இன்றைக்கு வேண்டாம், முதலில் ஒருநாள் உட்கார்ந்து பேசுவோம்" என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த வாரம் இன்னொரு லுத்தரன் ஆலயம். அங்கே திருமுழுக்கு பெற்ற எல்லோரும் வரலாம் என்று அறிவித்தார்கள். என் மனைவிக்கு முதல் அனுபவம் பெரிய அவமானமாகிவிட்டது. இதில் யார் சரியான லுத்தரன்? நாங்கள் எதில் சேர்வது? மகனுக்குத் திடப்படுத்தல் (தன் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) வயது நெருங்குகிறது.

பதில்: முதலில் உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. அந்தப் போதகர் உங்களை மட்டும் தனியாகப் பார்த்து நிறுத்தியிருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த தெருவிலிருந்து வரும் ஜெர்மன் வம்சாவளி லுத்தரனாக இருந்தாலும், வேறு சினாடை, அதாவது வேறு சபைக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர் என்றால் அவரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நீங்கள் முதலில் போனது மிசௌரி சினாடு சபையாகவோ விஸ்கான்சின் சினாடு சபையாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது அநேகமாக ஈ.எல்.சி.ஏ., அதாவது அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. பெயர்ப்பலகையின் அடியிலோ அவர்களுடைய இணையதளத்திலோ இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் லுத்தரன் என்பது ஒரே சபையின் பெயர் அல்ல. பங்காளிகள் பலர் உண்டு. ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்கலாமா என்பதுதான் அவர்களுக்குள் நீண்ட நாள் வழக்கு.

இரண்டு தரப்புமே ஆதாரம் காட்டுவது ஒரே வாக்கியத்தை என்பதுதான் வேடிக்கை. லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான 1530-இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் ஏழாம் பிரிவு, சபையின் மெய்யான ஒற்றுமைக்குச் சுவிசேஷ உபதேசத்திலும் சாக்கிரமெந்துகளை (திருமுழுக்கு, திருவிருந்து போன்ற புனிதச் சடங்குகளை) நடத்துவதிலும் ஒத்துப்போவது போதும் என்கிறது. சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. இதில் அந்தப் 'போதும்' என்ற சொல்லைத்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். "இவ்வளவு போதும், அதற்கு மேல் நிபந்தனை போடாதே" என்பது ஒரு தரப்பு. "போதும் என்று சொன்ன அதுவாவது முழுதாக இருக்க வேண்டாமா? உபதேசம் என்றால் அதன் எல்லாப் பகுதியும்தானே" என்பது மறுதரப்பு.

இந்த இழுபறி லுத்தர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தத் தலைவர் சுவிங்கிலியும் பேசினார்கள். 15 விஷயங்களில் 14-இல் உடன்பாடு வந்தது. மிச்சம் இருந்தது திருவிருந்து. "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்பதில் 'இருக்கிறது' என்றால் இருக்கிறதுதான் என்றார் லுத்தர். அந்த வார்த்தைகளை லத்தீனில் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதியே வைத்திருந்தார். 'குறிக்கிறது' என்றார் சுவிங்கிலி. அரசியல் கூட்டணிக்காக இருவரையும் சேர்த்துவைக்க நினைத்த ஹெஸ்ஸே பிரபு பிலிப்புக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. பதினைந்தில் பதினான்கு நல்ல மதிப்பெண் என்று நமக்குத் தோன்றும். லுத்தருக்கு அது போதவில்லை.

உங்களை நிறுத்திய போதகரின் மனநிலையைப் புரிந்துகொள்ள 1817 இன்னும் முக்கியம். சீர்திருத்தத்தின் 300-ஆம் ஆண்டு விழாவில் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம், லுத்தரன் சபையையும், சுவிங்கிலி, கால்வின் வழிவந்த சீர்திருத்த சபையையும் ஒரே சபையாக இணையும்படி அறிவித்தார். அப்புறம் ஒரே ஆராதனை முறையும் வந்தது. ஏற்க மறுத்த போதகர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். 'பழைய லுத்தரன்கள்' என்று அழைக்கப்பட்ட இவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். ஒற்றுமை என்ற பெயரில் உபதேசத்தை மழுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இந்த வட்டாரங்களில் இரத்தத்தோடு கலந்தது இப்படித்தான்.

மிசௌரி சினாடின் முன்னோர் பிரஷ்யர்கள் அல்ல, சாக்சனியர்கள். அவர்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தது அங்கே சபைக்குள்ளேயே பரவியிருந்த பகுத்தறிவுவாதம், அதாவது விசுவாசத்தை மனித அறிவால் மட்டும் அளக்கும் போக்கு. மார்ட்டின் ஸ்டெபான் என்ற போதகரின் தலைமையில் 1838-இல் ஐந்து கப்பல்களில் புறப்பட்டார்கள். ஒன்று கடலிலேயே காணாமல் போனது. மிசௌரியில் இறங்கிய சில மாதங்களில், ஒழுக்கக்கேடு குற்றச்சாட்டின் பேரில் ஸ்டெபானையே விலக்கும்படி ஆயிற்று. தலைவரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. "நாம் இன்னும் ஒரு சபைதானா?" என்று அவர்களுக்கே சந்தேகம். 1841-இல் ஆல்டன்பர்க்கில் நடந்த விவாதத்தில் வால்தர் என்ற இளம் போதகர், சுவிசேஷமும் சாக்கிரமெந்தும் இருக்கும் இடத்தில் சபை இருக்கிறது, அதற்குப் பேராயர் தேவையில்லை என்று வாதிட்டு நிலைநாட்டினார். 1847-இல் சிகாகோவில் சினாடு உருவானபோது அவர்தான் முதல் தலைவர். உபதேசம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இழந்தவர்கள் கட்டிய சபை அது. உபதேசத்தில் அவர்கள் ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

இந்தக் கறார் மிசௌரிக்கு மட்டும் சொந்தமானதல்ல. லுத்தரன் பிரசங்க பீடம் லுத்தரன் போதகர்களுக்கு, லுத்தரன் திருவிருந்து லுத்தரன்களுக்கு என்ற 1875-ஆம் ஆண்டின் கேல்ஸ்பர்க் விதியை வகுத்தது ஜெனரல் கவுன்சில் என்ற அமைப்பு. பல இணைப்புகளுக்குப் பிறகு அதன் வழித்தோன்றல்கள் இன்று ஈ.எல்.சி.ஏ.வில்தான் இருக்கிறார்கள்!

இருபதாம் நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின் சினாடு மிசௌரியோடு நெடுங்காலம் ஐக்கியமாக, அதாவது திருவிருந்தையும் பிரசங்க பீடத்தையும் பகிர்ந்துகொள்ளும் உறவில் இருந்தது. பிற சபையாரோடு சேர்ந்து ஜெபிப்பது, சாரணர் இயக்கம், இராணுவப் போதகர் பணி போன்றவற்றில் மிசௌரி தளர்ந்துவிட்டது என்று சொல்லி 1961-இல் உறவை முறித்தது. ஜெபம், பிரசங்கம், திருவிருந்து எல்லாம் ஒரே கட்டு, ஒன்றை மட்டும் பிரித்துத் தர முடியாது என்பது அவர்கள் வாதம். மிசௌரியோ 1969-இல் அமெரிக்கன் லுத்தரன் திருச்சபை என்ற இன்னொரு அமைப்போடு ஐக்கியம் அறிவித்து, 1981-இல் அதை முடித்துக்கொண்டது. இடையில், 1974-இல், வேதாகமத்தை எப்படி வாசிப்பது என்ற சண்டையில் மிசௌரி சினாடின் செயிண்ட் லூயிஸ் இறையியல் கல்லூரியின் பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். அவர்கள் வழியில் பிரிந்த சபைகளும் வேறு இரண்டு லுத்தரன் திருச்சபைகளும் சேர்ந்ததே 1988-இல் செயல்படத் தொடங்கிய ஈ.எல்.சி.ஏ. அது பிரெஸ்பிடேரியன், எபிஸ்கோபல், மெதடிஸ்ட் சபைகளோடும் முழு ஐக்கியம் வைத்திருக்கிறது. பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் தருகிறது. மிசௌரியும் விஸ்கான்சினும் தருவதில்லை.

சரி, உங்கள் விஷயம். ஊரில் எந்தத் திருச்சபையின் உறுப்பினர் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் பதில் மாறும். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்றால், ஈ.எல்.சி.ஏ.வைப் போலவே அதுவும் லுத்தரன் உலகச் சம்மேளனத்தின் உறுப்பினர். அங்கே உங்களுக்குத் தடையே இல்லை. இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்றால் கதை வேறு. அது மிசௌரி சினாடின் ஊழியத்தில் பிறந்தது. வேதாகமம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற தகராறில் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் அமைப்பை விட்டு வெளியேறிய நேதர், மோன் என்ற இருவரை மிசௌரி 1894-இல் ஏற்றுக்கொண்டு அனுப்ப, 1895-இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது. ஆகவே, முதல் ஆலயம் மிசௌரி சபையாக இருந்து, உங்கள் திருச்சபையின் பெயரைப் போதகரிடம் சொல்லியிருந்தால், பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

எது 'சரியான' லுத்தரன் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நிறுத்தியவர் அன்பில்லாதவர், வரவேற்றவர் அலட்சியக்காரர் என்ற இரண்டு முடிவுமே தவறு. கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் புசிப்பவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு என்று பவுல் எழுதியதை முதல் போதகர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார். அழைப்பவர் கிறிஸ்து, நான் வாசற்காவலன் அல்ல என்கிறார் இரண்டாமவர். எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். இதை எழுந்து நிற்கும் நேரத்தில் சொல்லக் கூடாது, வாசலில் வரவேற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இனி புது ஆலயம் எதற்குப் போனாலும் ஆராதனைத் தாளில் திருவிருந்து பற்றிய குறிப்பைப் படித்துவிடுங்கள். கட்டுப்பாடு உள்ள பல சபைகளில் கைகளை மார்பில் குறுக்கே வைத்தபடி முன்னே போனால் ஆசீர்வாதம் மட்டும் பெறலாம். ஊர்ச் சபையிலிருந்து உறுப்பினர் கடிதமும் திருமுழுக்கு, திடப்படுத்தல் சான்றுகளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் போதகர் பேசலாம் என்று சொன்னது சாக்கு அல்ல, உண்மையிலேயே போய்ப் பேசுங்கள். லுத்தரின் சிறு ஞானோபதேசம் படித்து வளர்ந்தவருக்கு அந்தப் பேச்சு கடினமாக இருக்காது.

மகனின் வகுப்பைத் தொடங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள். மிசௌரி சபையில் உறுப்பினரானால், நீங்கள் ஈ.எல்.சி.ஏ. ஆலயத்தில் திருவிருந்து எடுப்பதை அவர்கள் விரும்பமாட்டார்கள். விஸ்கான்சினில் இன்னும் இறுக்கம். உறவினர் வீட்டுத் திருமணம், தமிழ் ஆராதனை என்று நீங்கள் பல இடங்களுக்குப் போகிற குடும்பமானால், இதைப் போதகரிடம் இப்போதே வெளிப்படையாகச் சொல்லி, அவர் பதிலைக் கேட்டபிறகு பையனின் பெயரைக் கொடுங்கள்.